சாமி இல்லாத ஊருக்கு ஒரு டூர்

டூர் நடத்துகிறவளுக்கு மலையும் ஏரியும் அப்புறம்தான், முதலில் பாத்ரூம். எந்த பெட்ரோல் பங்கில் தண்ணீர் வரும், எந்த ஓட்டலில் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கும் என்று தெரிந்தவள்தான் இந்தத் தொழிலில் நிலைக்க முடியும். எனக்குத் தெரியும். நிலைத்திருக்கிறேன்.

நீங்களும் கல்யாணத்துக்கோ காதுகுத்துக்கோ ஒரு வேன் நிறைய ஆட்களைக் கூட்டிக்கொண்டு போயிருப்பீர்கள். ஒருத்தருக்கு ஜன்னல் சீட் வேண்டும், ஒருத்தருக்கு வாந்தி வரும், ஒருத்தர் ஊர் எல்லை தாண்டின பிறகு அடுப்பை அணைத்தோமா என்று கேட்பார். அந்த ஒரு நாளிலேயே உங்களுக்குப் போதும் போதும் என்று ஆகியிருக்கும். நான் அதையே பிழைப்பாக வைத்திருக்கிறேன். ஆகவே மற்றவர்கள் சிரித்தாலும் நீங்கள் என் பக்கம் நிற்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

என் பெயர் செல்வி. திருவொற்றியூர்தான். முன்பு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை காலர், காலர், காலர். முழுச் சட்டையை நான் பார்த்ததே கிடையாது. ஒரு நாள் மெஷினிலிருந்து எழுந்து வந்துவிட்டேன். இப்போது பெண்களை மட்டும் கூட்டிக்கொண்டு டூர் போகிறேன். வாணியம்பாடி தாண்டி ஒரு மலை, அதன் மேலே நாலு தெரு உள்ள சின்ன ஊர். சுற்ற ஒரு ஏரி, ஏற ஒரு உச்சி, தொங்க ஒரு கயிறு, தங்க ஒரு கேம்ப். ஊர் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த வாரமே தண்டையார்பேட்டையிலிருந்து போட்டிக்கு ஒருத்தி பஸ் எடுத்துவிடுவாள்.

எத்தனையோ தடவை போயாகிவிட்டது. ஆனால் முதல் டூரில் தேறியதால்தான் மற்றதெல்லாம். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

யாரைப் பார்க்க?

எங்கள் பக்கத்தில் டூர் என்றால் திருப்பதி, வேளாங்கண்ணி, நாகூர். சாமி பெயரைச் சொன்னால் எந்த வீட்டிலும் பெண்களைத் தடுக்க மாட்டார்கள். மொட்டை போடப் போகிறேன் என்றால் பஸ் ஏற்றிவிட வீட்டுக்காரரே வருவார். சும்மா ஒரு மலைக்குப் போய், ஏறி இறங்கி, படகு விட்டு, கயிற்றில் தொங்கிவிட்டு வருகிறோம், ஆம்பிளைங்க வர வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள். நான் சொன்னேன். தெருவே முகத்தைத் திருப்பிக்கொண்டது.

முதலில் வருகிறேன் என்று சொன்னவள் பக்கத்து வீட்டு ஜெயந்தி. அவளுடைய மாமியார் கன்னியம்மா, இறால் உரிக்கிற ஷெட்டில் மேஸ்திரி. எங்கள் தெருப் பெண்களில் பாதிப் பேர் அந்தம்மாவின் கீழே வேலை பார்த்தவர்கள், மீதிப் பாதி அந்தம்மாவுக்குப் பயந்தவர்கள். யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான். ‘கன்னிம்மா இன்னா சொல்லுதோ பாத்துட்டு சொல்றேங்கா.’ அவர் சரி என்றால் பஸ் நிறையும். வேண்டாம் என்றால் இந்த டூர் மட்டுமல்ல, எந்த டூரும் கிடையாது. நான் திரும்பவும் காலர் தைக்கப் போக வேண்டியதுதான். பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்தைக் காட்டுகிற முகம் எனக்குக் கிடையாது. நேராக அவர் வீட்டுக்கே போனேன்.

வாசலில் உட்கார்ந்து சங்கரா மீன் அரிந்து கழுவிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே கேட்டார். “அங்க இன்னா சாமி?” பேர்போன சாமி எதுவும் இல்லை பெரிம்மா என்றேன். “சொந்தக்காரங்க யாரனா கீறாங்களா?” இல்லை என்றேன். “அப்பறம் யாரப் பாக்கப் போறீங்கோ?” யாரையும் பார்க்க இல்லை, சும்மா குந்திவிட்டு வரத்தான் என்றேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“நானும் வரேன். வந்து பாக்கறேன். பாத்துட்டு வந்து தெருவுக்கு நானே சொல்றேன்.”

குரங்கு திருப்பிக் கொடுத்தது

கன்னியம்மா வருகிறார் என்றதும் ஒரே நாளில் பஸ் நிறைந்துவிட்டது. காத்திவாக்கத்திலிருந்து மேரி, எர்ணாவூரிலிருந்து ஜரீனா என்று மற்ற தெருக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். சனிக்கிழமை இருட்டோடு கிளம்பினோம். டிரைவர் குமார் மாதவரத்துக்காரன். டேங்கர் லாரி ஓட்டிப் பழகியவன், அதனால் பஸ்ஸில் இருப்பது மனிதர்கள் என்பதை அடிக்கடி ஞாபகப்படுத்த வேண்டும். இந்த இடத்தில் ஒரு தொழில் ரகசியம்: வாந்தி வரும் என்று சொல்கிறவர்களுக்கு வராது. எனக்கெல்லாம் வரவே வராது என்று சொல்கிறவர்களை முன் சீட்டில் உட்கார வைத்து, கையில் எலுமிச்சம்பழத்தைக் கொடுத்துவிட வேண்டும்.

எனக்கெல்லாம் வரவே வராது என்று சொன்ன ஜெயந்திக்காக ஒரு கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸை நிறுத்தினோம். கதவு திறந்ததுதான் தாமதம், ஒரு தாட்டியான குரங்கு உள்ளே வந்து கன்னியம்மா மடியிலிருந்த மஞ்சள் பையைப் பிடுங்கிக்கொண்டு தடுப்புச் சுவர் மேல் போய் உட்கார்ந்தது. பைக்குள் நெத்திலிக் கருவாடு. மலை ஊரில் சோறு எப்படி இருக்குமோ என்று கையோடு எடுத்து வந்திருந்தார். குரங்கு ஒன்றை எடுத்து மோந்து பார்த்தது. பிறகு கன்னியம்மாவைப் பார்த்தது. எடுத்ததை மறுபடி பைக்குள்ளேயே போட்டு, பையைச் சுவர் மேல் வைத்துவிட்டு, மரம் ஏறிப் போய்விட்டது.

பஸ்ஸே விழுந்து விழுந்து சிரித்தது. மேரிக்குக் கண்ணில் தண்ணீர். கன்னியம்மா மட்டும் சிரிக்கவில்லை. மலை மேலே போய்ச் சேருவதற்கு முன்னாலேயே என் பிழைப்பு முடிந்தது என்று நினைத்தேன். அவர் மெதுவாக இறங்கிப் போய்ப் பையை எடுத்து, தூசியைத் தட்டி, மரத்தைப் பார்த்துத்தான் பேசினார்.

“மலைல பொறந்து மலைல வளந்தது, அதுக்கு நெத்திலி அரும இன்னா தெரியும்? ஒருவாட்டி காசிமேட்டுக்கு வந்து பாக்க சொல்லு.”

படகோட்டியின் பத்திரம்

ஏரிக்கரையில் எல்லோருக்கும் ஆரஞ்சு நிறத்தில் லைஃப் ஜாக்கெட் கொடுத்தார்கள். போட்டால்தான் படகு. மேரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எண்ணூர் கழிமுகத்தில் கழுத்தளவு தண்ணீரில் நின்று கையால் தடவி இறால் பிடிக்கிறவள் அவள். இந்த ஏரியில் எவ்வளவு ஆழம் என்று கேட்டாள். படகுக்காரப் பையன் சொன்னதும் ஜாக்கெட்டைப் போடாமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். விதி என்றால் விதிதான், போடு என்று நான் ஒரு அதட்டல் போட்டேன். கன்னியம்மா கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார், அவர் கண் முன்னால் ஒருத்தி தண்ணீரில் விழுந்தால் நான் என்ன செய்வேன்?

நானும் அதே படகில்தான் இருந்தேன். நடு ஏரிக்குப் போனதும் மேரி பையனிடம் பேச்சுக் கொடுத்தாள். எத்தனை வருஷமாகப் படகு விடுகிறாய், மீன் உண்டா, நீச்சல் எங்கே கற்றாய் என்று. கடைசிக் கேள்விக்கு அவன் நெளிந்தான். நீச்சல் தெரியாதாம். படகு கவிழ்ந்ததே இல்லை, அதனால் தேவைப்படவும் இல்லையாம். அவனுக்கு ஜாக்கெட்டும் இல்லை. எல்லாவற்றையும் எங்களுக்கே கொடுத்துவிட்டான். அடுத்த நிமிஷம் பார்த்தால், துடுப்பு மேரி கையில் இருக்கிறது, அவளுடைய லைஃப் ஜாக்கெட் பையன் மேல் இருக்கிறது, அதன் பட்டையை ஜரீனா இறுக்கிக்கொண்டிருக்கிறாள். நான் வேண்டாம் வேண்டாம் என்று கத்தியது யார் காதிலும் விழவில்லை. ஏரியை ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டுத்தான் கரைக்கு வந்தோம். இறங்கும்போது பையன் கையை மேரிதான் பிடித்து இறக்கிவிட்டாள்.

“தா நைனா, பாத்து கால வையி. ஒன்ன பத்தரமா கரை சேத்தாச்சு, வூட்ல போய் சொல்லு.”

முருகனின் பேன்ட்

ஜிப்லைன் என்பது ஒன்றுமில்லை. இந்த மரத்துக்கும் அந்த மரத்துக்கும் நடுவே பள்ளத்துக்கு மேலே ஒரு இரும்புக் கயிறு. இடுப்பில் வார் மாட்டி அதில் தொங்கவிட்டுத் தள்ளிவிடுவார்கள், சர்ரென்று அந்தப் பக்கம் போய்ச் சேர வேண்டியதுதான். கயிற்றைப் பார்த்து யாரும் பயப்படவில்லை. சேலையோடு ஏற்ற மாட்டோம், பேன்ட் வேண்டும் என்று கேம்ப் தம்பி சதீஷ் சொன்னதும்தான் எல்லாரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். கிளம்புவதற்கு முன்னாலேயே நான் சொல்லியிருந்தேன். ஆளாளுக்கு மகனுடையது, தம்பியுடையது என்று ஏதோ எடுத்து வந்திருந்தார்கள். கன்னியம்மா எதிரில் போட்டுக்கொண்டு வெளியே வரத்தான் யாருக்கும் தைரியம் இல்லை.

கடைசியில் ஜெயந்தி வந்தாள். அவள் போட்டிருந்தது அவள் வீட்டுக்காரர் முருகனுடைய காக்கி பேன்ட். முருகனுக்கு ஹார்பரில் வேலை. முழங்கால் பக்கம் கிரீஸ் கறை அப்படியே இருந்தது. இடுப்பு இரண்டு ஆள் நுழையும் அளவுக்கு இருந்ததால் துப்பட்டாவால் கட்டியிருந்தாள். மரத்தடியில் உட்கார்ந்திருந்த மாமியார் எதிரே வந்ததும் அப்படியே நின்றுவிட்டாள். கன்னியம்மா மகனுடைய பேன்ட்டை அடையாளம் கண்டுகொண்டார் என்பது அவர் பார்வையிலேயே தெரிந்தது. ஜெயந்திதான் முதலில் பேசினாள். “இத்தினி வருசமா நான்தான அத்தே தோச்சிப் போடறேன். ஒருநா போட்டுப் பாத்தா இன்னா?”

கன்னியம்மா எழுந்து வந்தார். மருமகளின் இடுப்பிலிருந்த முடிச்சை அவிழ்த்தார். போச்சு, அழைத்துக்கொண்டு கிளம்பப் போகிறார் என்று நினைத்தேன். அவர் துப்பட்டாவை இரண்டு சுற்றாகச் சுற்றி, இறால் மூட்டைக்குப் போடுகிற மாதிரி இழுத்து ஒரு முடிச்சுப் போட்டார்.

“நடு வானத்துல அவுந்துச்சின்னா போறது ஒன் மானம் இல்ல, என் புள்ள மானம். ம், போ.”

வெள்ளையாக வந்தது

ராத்திரி யாருக்கும் சரியாகத் தூக்கம் இல்லை. கன்டெய்னர் லாரி சத்தம் இல்லாமல், மணலிப் பக்கத்து ஃபேக்டரி வாடை இல்லாமல் எங்கள் ஆட்களுக்குத் தூக்கம் வராது. விடியும் நேரத்தில்தான் கண் அசந்தோம். அப்போதுதான் ஜரீனா ஒரு கூச்சல் போட்டாள். எழுந்து பார்த்தால் ஜன்னல் வழியாக வெள்ளை வெளேரென்று புகை மாதிரி ஏதோ உள்ளே வருகிறது. வெளியே மரம் தெரியவில்லை, எதிர் ரூம் தெரியவில்லை.

ஃபேக்டரியில் காஸ் கசிந்தால் என்ன செய்வது என்று எங்கள் பக்கத்தில் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. குடத்துத் தண்ணீரில் துண்டையும் துப்பட்டாவையும் நனைத்து மூக்கில் கட்டியாகிவிட்டது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, அதற்குக் குறுக்கே எல்லோரையும் ரோட்டுக்குத் துரத்தினார் கன்னியம்மா. ஷெட்டில் ஆள் எண்ணுகிற குரலிலேயே எண்ணினார். நெருப்பு இருக்கக் கூடாதே என்று மேரி ஓடிப் போய், கேம்ப் சமையல்காரர் டீக்காக மூட்டியிருந்த விறகு அடுப்பில் ஒரு பக்கெட் தண்ணீரை ஊற்றினாள். நானும் ஓடினேன், பொய் சொல்லுவானேன். ஓடும்போது ஜரீனா என் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு வாசனையும் வரலியே, இது இன்னா காஸுன்னே தெரியலியே என்று அழுதாள். அதைக் கேட்டு நான் இன்னும் வேகமாக ஓடினேன். வாசனை வருகிற காஸ் எல்லாம் எங்களுக்குப் பழக்கம். வாசனையே இல்லாதது என்றால் எப்பேர்ப்பட்டதாக இருக்கும்?

சதீஷ் பல் விளக்கிக்கொண்டே எதிரே வந்தான். மூக்கில் ஈரத்துணி கட்டிக்கொண்டு ரோட்டில் நின்ற எங்கள் கூட்டத்தைப் பார்த்து அவனே பயந்துவிட்டான். விஷயம் புரிந்ததும், “அக்கா, இது மேகம்க்கா. மலைன்னா காலைல கீழ எறங்கும். இதப் பாக்கத்தான் எல்லாரும் இங்க வர்றாங்க” என்றான். கன்னியம்மா மூக்கிலிருந்த துணியைக் கழற்றி, பிழிந்து, தோளில் போட்டுக்கொண்டு, எங்குமே பார்க்காமல் நடந்து போனார். சமையல்காரர் ஈர விறகைக் காட்டிப் புலம்பிக்கொண்டிருந்தார். ஜரீனா ஒருத்திதான் சதீஷுக்குப் பதில் சொன்னாள்.

“வெள்ளையா எது வந்தாலும் மொதல்ல ஓடு, அப்பால நின்னு அழகு பாரு. எங்க ஊர்ல அப்டித்தான் தம்பி பயக்கம்.”

உச்சியில்

ஞாயிற்றுக்கிழமை காலை மலை உச்சிக்கு நடை. மேலே போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், கல்லும் வேருமாக இருக்கும், பெரிம்மா நீங்கள் கேம்ப்பிலேயே இருங்கள் என்று கன்னியம்மாவிடம் சொன்னேன். பாதி வழியில் நான் திரும்பிப் பார்த்தபோது, வரிசையின் கடைசியில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். திருப்பி அனுப்ப அந்த ஊரில் ஆள் கிடையாது. எந்த ஊரிலும் கிடையாது.

மேலே ஒரு பெரிய பாறை. சுற்றிலும் பச்சையாக இறங்கிப் போகிற காடு, கீழே ஏரி, அதற்கும் கீழே எங்கேயோ ரயில் போகிற சத்தம். எங்கள் ஆட்கள் போட்டோ எடுக்கிற மும்முரத்தில் இருந்தார்கள். கன்னியம்மா இங்கிருந்து கடல் தெரியுமா என்று சதீஷிடம் கேட்டார். தெரியாது என்றான். அவர் பாறையில் உட்கார்ந்துகொண்டார். இரண்டு கையும் மடியில் சும்மா கிடந்தன. அந்தக் கைகளை அப்படி நான் பார்த்ததே இல்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். டூர் எப்படி இருக்கிறது என்று கேட்க நாக்கு துடித்தது, அடக்கிக்கொண்டேன். போகலாம் என்று சதீஷ் விசில் அடித்தபோதும் அவர் எழுந்திருக்கவில்லை. அப்போதுதான் என் பக்கம் திரும்பினார்.

“சொம்மா குந்திட்டு வரத்தான்னு சொன்னியே, இத்தான அது? புள்ள பெத்து படுத்தப்போ வேலையில்லாம இருந்தேன் செல்வி. அப்பால இன்னிக்குத்தான் குந்திகினு கீறேன்.”

இறங்கும்போது

அந்தச் சந்தோஷம் எனக்குக் கால் மணி நேரம்கூட நிலைக்கவில்லை. எல்லோரும் இறங்கிவிட்டார்களே என்று அவர் வேகமாகக் காலை எடுத்து வைத்தார். சருகு மூடிய வேர் ஒன்றில் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டார். கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கணுக்காலைப் பிடித்துக்கொண்டார். கையை எடுக்கும்போதே கால் வீங்கியிருந்தது.

மேரியும் ஜெயந்தியும் கையைக் கோத்து நாற்காலி மாதிரி பிடித்துத் தூக்கினார்கள். கை வலித்தால் அடுத்த இரண்டு பேர். ஷெட்டில் யாரை நிமிர்ந்து பார்க்கப் பயந்தார்களோ, அந்தம்மா அவர்கள் தோளைப் பிடித்துக்கொண்டு மலை இறங்கினார். ஜெயந்தி அழுதுகொண்டே வந்தாள். என் மனசில் ஓடியதை நான் மறைக்கப் போவதில்லை. அவர் காலைப் பற்றி ஒரு பங்கு கவலை என்றால், என் காலர் மெஷினைப் பற்றி ஒரு பங்கு கவலை. தெரு எந்த ஒரு ஆளை நம்பிப் பெண்களை அனுப்பியதோ, அந்த ஒரு ஆளே நொண்டிக்கொண்டு போய் இறங்கினால், அதற்கு மேல் தெருவுக்கு வேறு என்ன சொல்ல வேண்டும்? இனி ஒரு பெண் பஸ் படியில் கால் வைப்பாளா?

அந்த மலை ஊரில் இருந்த டாக்டர் அழுத்திப் பார்த்தார், எலும்பு முறியவில்லை, சுளுக்குதான் என்று சொல்லிக் கட்டுப் போட்டார். எனக்கு உயிர் வந்தது. அந்த உயிரை சதீஷ் உடனே வாங்கிவிட்டான்.

“ஒண்ணும் பயமில்லக்கா. ஆனா இந்தக் கட்டோட ஊருக்குப் போயி நீங்க என்ன சொல்லப் போறீங்க?”

தெருமுனை

ஊருக்குக் கிளம்பினோம். வாலாஜா தாண்டினதும் ஆளாளுக்கு யோசனை சொல்ல ஆரம்பித்தார்கள். பஸ் படியில் சறுக்கியது என்று சொல்லலாம் என்றாள் ஜெயந்தி. என் பஸ்ஸையா சொல்கிறாய் என்று குமார் சண்டைக்கு வந்தான். குரங்கு தள்ளிவிட்டது என்று சொல்லலாம் என்றாள் மேரி. நடந்ததை நடந்தபடி நானே முருகனிடம் சொல்லிவிடுகிறேன், வேறு எதுவும் வேண்டாம் என்றேன். முன் சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த கன்னியம்மா எதிலும் கலந்துகொள்ளவில்லை. தூங்குகிறார் என்றுதான் நினைத்தோம்.

மாதவரம் தாண்டும்போது பார்த்தால், குனிந்து கணுக்கால் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். வேண்டாம் பெரிம்மா, டாக்டர் திட்டுவார் என்று ஓடினேன். கேட்கவில்லை. துணியைச் சுருட்டி மஞ்சள் பைக்குள், கருவாட்டுக்கு அடியில் திணித்தார். பிறகு குமாரைக் கூப்பிட்டு, வீட்டு வாசலில் வேண்டாம், தெருமுனையில் நிறுத்து என்றார். எங்கள் தெருமுனையில் ஏதோ குழாய் போட என்று தோண்டி, மூடாமல் விட்டுப் போன பள்ளம் ஒன்று உண்டு. அதற்குச் சுற்றிலும் ஒரு கயிறுகூடக் கிடையாது. அங்கே வேண்டாம் பெரிம்மா, இருட்டில் தெரியாது என்று குமார் சொன்னான். “அத்தாண்டதான் நிறுத்தச் சொல்றேன்” என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வலியில் ஏதோ சொல்கிறார் என்றே நினைத்தேன்.

தெருமுனையில் எல்லோரும் நின்றிருந்தார்கள். வீட்டுக்காரர்கள், பிள்ளைகள், வராமல் போன மற்ற மாமியார்கள். முருகன் முன்னால் நின்றார். என் வீட்டுக்காரரும் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். கன்னியம்மா யார் கையையும் பிடிக்காமல் முதலில் இறங்கினார். நல்ல காலை ஊன்றினார். அடுத்த காலைப் பள்ளத்தின் ஓரத்தில் வைத்தார். பிறகு மலையில் அடக்கி வைத்திருந்த சத்தத்தை எல்லாம் சேர்த்து ‘ஐயோ’ என்று ஒரு அலறல் அலறி, தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார். முருகன் பாய்ந்து வந்து தாங்கினார். தெருவே கூடிவிட்டது. கால் வீங்கிடுச்சு பாரு என்று ஒரு மாமியார் கத்தினார். எனக்கு அப்போதுதான் புரிந்தது. பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன்.

“அதெல்லாம் இருக்கட்டும்மா, டூரு எப்டி? இவங்கள இன்னொருவாட்டி அனுப்பலாமா வாணாமா?” என்று கூட்டத்திலிருந்து யாரோ கேட்டார்கள். கன்னியம்மா மகன் தோளைப் பிடித்து எழுந்து நின்று, தெருவை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். ஷெட்டில் பேசுகிற அதே குரல்.

“ரெண்டு நாளா மலைல ஏறி எறங்கிகினு இருந்தேன், ஒரு முள்ளு குத்தல. நம்ப தெருவுல ஒரு கால வெச்சேன், சுளுக்கிக்கிச்சு. மொதல்ல இந்தப் பள்ளத்த மூட வையி, அப்பால பொம்பளைங்கள எங்க அனுப்பலாம்னு பஞ்சாயத்து பண்ணு.”

இந்தத் தொழில் தொடங்க என்னவெல்லாம் வேண்டும் என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: ஒரு பஸ், அந்த பஸ்ஸை ஓட்ட ஒரு குமார், தெருமுனையில் மூடாத பள்ளம் ஒன்று, அதில் விழாமலே விழத் தெரிந்த மாமியார் ஒருத்தர்.